மேஃப்ளை என்றால் ஈசல் இல்லை

"ஆற்றிலிருந்து லட்சக்கணக்கான ஈசல்கள் எழும்புகின்றன." தமிழில் குரல் கொடுத்த ஓர் இயற்கைப் படத்தில் நேற்று மறுபடியும் இதைக் கேட்டேன். திரையில் இருந்தது மேஃப்ளை (mayfly) என்ற, நீரில் வளர்ந்து இறக்கையோடு வெளியே வரும் பூச்சி. ஈசல் எப்போது தண்ணீரிலிருந்து வந்தது?

பெயரின் கதை சின்னதுதான். பிரிட்டனில் மே மாதவாக்கில் ஆற்றோரம் மொய்ப்பதால் மேஃப்ளை. அறிவியலில் எஃபெமரோப்டெரா; கிரேக்கத்தில் 'எஃபெமரோஸ்' என்றால் ஒரு நாளே இருப்பது, 'ப்டெரோன்' என்றால் இறக்கை.

அற்ப ஆயுளுக்கு நாம் ஈசலைச் சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. ஆனால் ஈசல், இறக்கை முளைத்த கறையான். புற்றிலிருந்து கிளம்பும். நான்கு இறக்கைகளும் ஒரே அளவு. உட்கார்ந்தால் முதுகோடு படிந்திருக்கும், தரை இறங்கியதும் உதிர்ந்துவிடும். தப்பிப் பிழைத்து ராணியானால் பல ஆண்டுகள் வாழும். மேஃப்ளைக்கு முன்னிறக்கை பெரிய முக்கோணம், பின்னிறக்கை சிறிது, சிலவற்றில் அதுவும் இல்லை. உட்காரும்போது இறக்கைகளைப் பாய்மரம்போல் நிமிர்த்தி வைத்திருக்கும். வயிற்று நுனியில் மயிரிழைபோல இரண்டோ மூன்றோ நீள வால்கள். அந்த வாலை ஒருமுறை பார்த்தவர் ஈசல் என்று எழுத மாட்டார்.

சரி, தமிழில் 'மே ஈ' என்று சொல்லலாமா? அதுவும் வேண்டாம். ஈயினம் இல்லாத இதை ஈ என்பது எனக்குத் தடையில்லை; தேனீயும்தான் ஈயினம் இல்லை. மே என்பதுதான் பொருந்தவில்லை. உலகம் முழுக்க இது மே மாதத்திலா வருகிறது?

'ஒருநாள் பூச்சி' என்பதே தெளிவு. ஜெர்மானியர்களும் 'ஒருநாள் ஈ' என்றுதான் சொல்கிறார்கள். நீருக்குள் பல மாதங்கள், சிலவகை இரண்டு ஆண்டுகள்கூட வாழ்கிறதே என்பார்கள். உண்மை. ஆனால் பெயர் இறக்கை வந்தபின் உள்ள வாழ்வுக்கு. அப்போது அதற்குச் சாப்பிட உதவும் வாய்கூடக் கிடையாது. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சாகும்.

இதைவிட வருத்தம், நீருக்குள் இருப்பதைப் 'புழு' என்று எழுதி, அப்புறம் 'கூட்டுப்புழு' என்று ஒரு பருவத்தையும் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்துவிடுவது. இதற்குக் கூட்டுப்புழுப் பருவமே இல்லை. ஆறு கால்களும், வயிற்றின் இருபுறமும் செவுள்களும் உள்ள அதை 'இளம்பூச்சி' என்றால் போதும். உள்ள பருவத்தையோ விட்டுவிடுகிறார்கள். நீரைவிட்டு வந்ததும் மங்கலான இறக்கையோடு பறந்து போய் எங்காவது ஒட்டிக்கொள்ளும். பிறகு இன்னொரு முறை தோலுரிக்கும். பறக்கும் இறக்கை வந்தபின் தோலுரிக்கும் பூச்சி இன்று வேறில்லை. இந்த நிலையை 'இளஞ்சிறகி' என்பேன். கண்ணாடிபோல் மின்னும் புது இறக்கையோடு பூச்சி போய்விட, உரித்த தோல் மட்டும் இலையில் ஒட்டியிருக்கும், வால் உறைகளோடு.