மேசையை விட்டு நகராத லேப்டாப்

சர்வீஸுக்கு வரும் லேப்டாப்களில் ஒரு ரகத்தைத் திருப்பிப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். அடியில் இருக்கும் ரப்பர் பாதம் தேய்ந்திருக்காது, உடம்பில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் டச்பேட் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், மூடினால் சரியாக மூடாது. கழற்றினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கும். வாங்கிய நாள் முதல் சார்ஜரைப் பிடுங்காமல் மேசையிலேயே ஓடிய லேப்டாப் அது.

லித்தியம் பேட்டரி எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பதும் கூடாது, சூட்டில் கிடப்பதும் கூடாது. மேசை லேப்டாப்புக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் செட்டிங் இப்போது பல மாடல்களில் உண்டு, அதைப் போட்டு வையுங்கள். டச்பேட் தூக்கியிருந்தால் சார்ஜ் போடுவதையும் பயன்படுத்துவதையும் உடனே நிறுத்துங்கள். அழுத்தி மூடிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது போன்ற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

ஆகவே லேப்டாப் வாங்கலாமா டெஸ்க்டாப் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் பட்ஜெட்டை அப்புறம்தான் கேட்பேன். வாரத்தில் எத்தனை நாள் இது வீட்டை விட்டு வெளியே போகும்? கல்லூரிப் பிள்ளை, ஹாஸ்டல், அடிக்கடி ஊர் மாறும் வேலை என்றால் லேப்டாப்தான், மறுபேச்சு இல்லை. கடையில் டாலியில் கணக்குப் போடவும், டிடிபி (பத்திரிகை, நோட்டீஸ் பக்கம் வடிவமைக்கும்) வேலைக்கும், வீட்டில் பிள்ளைகள் படிக்கவும் என்றால் பதில் பெரும்பாலும் “எங்கேயும் போகாது சார்” என்றுதான் வரும். அப்புறம் எதற்கு அந்தப் பேட்டரிக்கும் காசு கொடுக்க வேண்டும்?

வேகத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐ5 என்பது இன்டெல் பிராசஸரின் ஒரு ரகம், கோர் என்பது அதற்குள் வேலையைச் செய்யும் பிரிவு. கடையில் “ரெண்டுமே ஐ5, 13வது ஜெனரேஷன், 10 கோர்” என்பார்கள். பொய்யில்லை. ஆனால் லேப்டாப்பில் வரும் ஐ5-1335யூ-வில் வேகமான கோர் இரண்டுதான், மற்ற எட்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சின்னக் கோர்கள். டெஸ்க்டாப்பின் ஐ5-13400-ல் வேகமான கோர் ஆறு. அடிப்படை மின் அளவு முன்னதுக்கு 15 வாட், பின்னதுக்கு 65 வாட். டாலிக்கும் பிரவுசிங்குக்கும் இந்த வித்தியாசம் உறைக்காது. கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு முதல் வாரத்திலேயே உறைக்கும்.

அடுத்தது ரிப்பேர். கீபோர்டில் டீ கொட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் என்றால் சில நூறு ரூபாயில் புதுக் கீபோர்டு, அன்றைக்கே வேலை ஓடும். லேப்டாப்பில் டீ நேராக மதர்போர்டுக்கு இறங்கும். தப்பித்தாலும், பல மாடல்களில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்தே அடித்திருப்பார்கள், முழுப் பேனலையும்தான் மாற்ற வேண்டும். மெல்லிசான மாடல்களில் ரேமையும் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். 8 ஜிபி போதவில்லை என்று இரண்டு வருஷம் கழித்து வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. “காலியா ரேம் ஸ்லாட் இருக்கா?” என்று வாங்கும்போதே கேளுங்கள். டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) போனால் எஸ்எம்பிஎஸ் மட்டும், ஃபேன் போனால் ஃபேன் மட்டும்.

லேப்டாப் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரண்ட் போகும் ஊரில் அதன் பேட்டரிதான் யுபிஎஸ். டெஸ்க்டாப் வாங்குபவர் 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்கியே ஆக வேண்டும். அது சேவ் செய்து அணைக்கத்தான், உட்கார்ந்து வேலை பார்க்க இல்லை. அதன் பேட்டரியையும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். இடமும் அடைக்கும். ஒற்றை அறை வீட்டில் கேபினட்டையும் மானிட்டரையும் எங்கே வைப்பது என்பது நிஜமான கேள்விதான்.

லேப்டாப் ஏற்கெனவே வாங்கியாயிற்று, மேசையில்தான் இருக்கிறது என்றால், தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பை நாலைந்து தடிப் புத்தகத்தின் மேல் தூக்கி வையுங்கள். குனிந்தே பார்த்தால் கழுத்து போய்விடும்.

பட்ஜெட் இடிக்கிறது என்பவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில், கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப்பைப் பார்க்கலாம். உழைக்கும், பாகமும் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8வது ஜெனரேஷனோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மலிவாகக் குவிந்து கிடப்பதில் 6வதும் 7வதும் நிறைய. “விண்டோஸ் 11 நாங்களே போட்டுத் தர்றோம்” என்பார்கள். போட முடியும்தான். ஆனால் அதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. எத்தனாவது ஜெனரேஷன் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.