ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல, ஆனா முழு முகம் தெரியுது

ஒரு நாணயத்த எடுங்க. அதுல இருக்குற தலை ஒரு மில்லிமீட்டர் கூட எழும்பியிருக்காது, ஆனா மூக்கு கன்னம் காதுன்னு எல்லாம் முழுசா இருக்குற மாதிரி தெரியும். லைட்ட அணைச்சிட்டு ஃபோன் டார்ச்ச நேரா அது மேல அடிச்சா முகம் சப்புன்னு ஆகிடும், அப்படியே சாய்ச்சு பக்கவாட்டுல கொண்டுவந்தா மூக்கோட நிழல் விழுந்து ஆளு எந்திரிச்சு வந்துடுவாரு. தாடைப் பக்கம் இருந்து அடிச்சா சிலருக்கு முகம் உள்ள குழிஞ்ச மாதிரி கூட தெரியும், ஏன்னா வெளிச்சம் மேல இருந்துதான் வரும்னு மூளை முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருக்கு.

தட்டையான பரப்புல இருந்து கொஞ்சமா எழும்பி நிக்குற புடைப்புச் சிற்பம் வேலை செய்யுறதே இப்படித்தான். 1990கள்ல கம்ப்யூட்டர் விஷன் ஆளுங்க, அதாவது படத்தப் பாத்துப் புரிஞ்சுக்க கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்குறவங்க, இத கணக்காவே நிரூபிச்சாங்க: பளபளப்பு இல்லாத ஒரு உருவத்தோட ஆழத்த நசுக்கிட்டு, வெளிச்சத்தோட திசையையும் பரப்போட நிறத்தையும் அதுக்கேத்த மாதிரி மாத்திட்டா, எதிர்ல நின்னு ஒத்தக் கண்ணால பாக்குறவருக்கு ரெண்டும் ஒரே படம்தான்.

இந்த ஏமாத்து வேலைய மாட்டிவிடுறது நம்ம ரெண்டாவது கண்ணும், பக்கவாட்டுல நகர்ற காலும்தான். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சுமார் 6 செ.மீ. இடைவெளி, கிட்டப் போனா அதுவே குட்ட உடைச்சிடும், தூரத்துல அந்த வித்தியாசம் வேகமா கரைஞ்சிடும். ஏதென்ஸ்ல இருக்குற பழைய பார்த்தினான் கோயில்ல சுவர் உச்சியில ஓடுன சிற்ப வரிசைக்கு ஆழம் அதிகபட்சம் 5, 6 செ.மீ.தான், அதுக்குள்ள குதிரைக்குப் பின்னாடி குதிரைன்னு அடுக்கியிருக்காங்க, கீழ இருந்து அண்ணாந்து பாக்கணும்னு மேல்பக்கத்த கொஞ்சம் கூடுதலாவே புடைச்சிருக்காங்க.

நம்ம பழைய சிற்ப நூல்கள்ல முழு உருவத்துக்குப் பேரு சித்திரம், பாதி புடைச்சா அர்த்தசித்திரம், ஓவியம்னா சித்திராபாசம். சிரிக்காதீங்க, அங்க ஆபாசம்னா வெறும் தோற்றம்னு அர்த்தம். முழு உருவம்தான் அசல்ங்கிற அந்த வரிசைய என்னால ஒத்துக்க முடியல, எத்தனையோ முழுச்சிலைகளுக்கு ஒரே ஒரு முன்பக்கம்தான், பின்னாடி போனா பாக்க பெருசா ஒண்ணும் இருக்காது.

இத்தாலியோட ஃப்ளாரன்ஸ்ல ஜாம்போலோன்யாங்குற சிற்பி 1583ல முடிச்ச, சபைன் இனப் பெண்ண ஒருத்தன் தூக்கிட்டுப் போற சிலை வேற ரகம். ஒரே பளிங்குல மூணு பேரு, திருகு மாதிரி சுழண்டு மேல ஏறுவாங்க. ஒரு பக்கம் அவ வீசுன கை, நாலடி நகந்தா தூக்குறவனோட முதுகு, இன்னும் நகந்தா காலடியில ஒடுங்கிக் கிடக்குற கிழவன். எங்க நின்னாலும் யாரோ ஒருத்தரோட முகம் அந்தப் பக்கமா திரும்பியிருக்கும், கால் தானா அடுத்த அடி வைக்கும்.