தங்கத்துக்குப் பயந்த பாக்டீரியா

மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைகள் இருக்கும் சந்துகளில் சாக்கடை மண்ணுக்கும் மதிப்பு உண்டு. ஆசாரி அரம் போடும்போது பறக்கிற பொடி, கை கழுவும் தண்ணீரோடு போகிற துகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் சேரும். அதை வாரி, சட்டியில் அலசி, அடியில் தங்கும் கனமான கசடில் பாதரசம் விட்டுப் பிசைந்தால் தங்கம் அதோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும். (அரிக்கிறவரின் நுரையீரலுக்குள்ளும் அந்த ஆவி போகும், அது தனிக் கதை.) தங்கம் கரையாது, துருப்பிடிக்காது, விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பிழைப்பு ஓடுகிறது.

சாக்கடை மண்ணுக்கு அந்த நம்பிக்கை போதும். அமிலத்தில் தங்கத்தைக் கரைக்க ராஜதிராவகம் வேண்டும்: ஒரு பங்கு நைட்ரிக் அமிலம், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆனால் தங்கம் உள்ள மண்ணிலும் ஆற்று மணலிலும் கதை வேறு. அங்கே தங்கம் மெல்லக் கரைகிறது, தண்ணீரோடு நகர்கிறது, வேறோர் இடத்தில் மறுபடி தங்கமாகப் படிகிறது. இந்தப் பயணத்துக்குக் கைகொடுப்பவை நுண்ணுயிர்கள்.

கரைவது எப்படி? தங்க அணு எலக்ட்ரானை இழந்து அயனியாகும். அந்த அயனி தண்ணீரில் தனியாக நிலைக்காது. பிடித்துக்கொள்ள ஒரு துணை வேண்டும். கந்தகத் தாதுக்களைத் தின்னும் பாக்டீரியாக்கள் வெளியேற்றும் தயோசல்பேட் அப்படி ஒரு துணை. வெப்பநாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் குரோமோபாக்டீரியம் வயலேசியம் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சயனைடையே தயாரிக்கிறது. சுரங்கங்களில் தங்கம் பிரிக்கப் பயன்படும் அதே சயனைடுதான்.

இப்போது சிக்கல். கட்டித் தங்கம் உயிர்களுக்கு ஒன்றும் செய்யாது. கரைந்த தங்கமோ விஷம். பக்கத்தில் வாழும் நுண்ணுயிர் ஒன்று அதைச் சமாளிக்க வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். சமாளிக்கத் தெரிந்தவற்றில் பேர்போனது குப்ரியாவிடஸ் மெட்டாலிடூரன்ஸ். 1976-ல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாகத் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டிச் சேற்றில் கிடைத்த பாக்டீரியா இது. 2006-ல் ஃபிராங்க் ரைத் குழுவினர் ஆஸ்திரேலியாவின் தங்க மணிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் மேல் படிந்திருந்த உயிர்ப்படலத்திலும் (நுண்ணுயிர்கள் கூட்டமாக ஒட்டி வாழும் மெல்லிய படலம்) இது இருந்தது.

இதற்குச் செம்பு கொஞ்சம் தேவை, அதிகமானால் ஆபத்து. அளவு மீறிய செம்பை செல்லின் உட்பகுதியிலிருந்து வெளியே தள்ள கப்ஏ (CupA) என்ற புரதம் இருக்கிறது. சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. கரைந்த தங்கம் உள்ளே நுழைந்தால் அந்தத் தள்ளும் வேலையே தடைபடுகிறது. செம்பும் தங்கமும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் காப்பாற்ற வருவது காப்ஏ (CopA) என்ற நொதி. செல்லைச் சுற்றியுள்ள இரண்டு சவ்வுகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில் நின்று, செம்பையும் தங்கத்தையும் எளிதில் உள்ளே நுழைய முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய தங்கம் அந்த இடைவெளியிலேயே சில நானோமீட்டர் அளவுள்ள உலோகத் துகளாகப் படிகிறது. ஜெர்மனியின் டீட்ரிக் நீஸ் குழுவினர் ரைத்தோடு சேர்ந்து 2018-ல் இதை விளக்கினார்கள்.

‘தங்கம் கக்கும் பாக்டீரியா’ என்று அவ்வப்போது செய்தித் தலைப்பு வரும். கக்குவது உண்மை, உண்டாக்குவது பொய். தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் தங்கம்தான் திரும்பக் கிடைக்கிறது. அது இல்லாத மண்ணில் எந்தப் பாக்டீரியாவும் ஒரு குண்டுமணி தராது; வைகை மணலை வாரப் புதிதாக ஒரு காரணம் தேட வேண்டாம்.

டெல்ஃப்டியா அசிடோவோரன்ஸ் என்ற இன்னொரு பாக்டீரியா இன்னும் உஷார். தங்கத்தை வாசற்படி தாண்ட விடுவதே இல்லை. டெல்ஃப்டிபாக்டின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து வெளியிலேயே திடப்படுத்திவிடும். கனடா விஞ்ஞானிகள் 2013-ல் கண்டறிந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம். பாறையிலிருந்து வரும் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும். ஆற்றில் கிடந்த மணிகளை வெட்டிப் பார்த்தால், நடுவில் வெள்ளி கலந்த தங்கம், ஓரத்தில் மெல்லியதாகச் சுத்தத் தங்கம். ஓரத்து வெள்ளி முதலில் கரைந்து போவது ஒரு காரணம். நுண்ணுயிர்கள் திரும்பப் படியவைக்கும் நானோ தங்கம் இன்னொன்று. ஆனால் அந்த ஓரம் பெரும்பாலும் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். உரைகல்லில் ஒரு தடவை உரசினாலே போய்விடும்.

வியாபாரத்துக்கும் நுண்ணுயிர்கள் வந்து நாளாகிறது. சில தாதுக்களில் தங்கம் இரும்பு–கந்தகப் படிகங்களுக்குள் சிறைப்பட்டிருக்கும், சயனைடு எட்டாது. அசிடிதயோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சிறைச்சுவரைத் தின்றுவிடும். தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதலே இந்த முறை இருக்கிறது.

அடுத்த குறி பழைய கைப்பேசிகள். நல்ல தாதுவில் டன்னுக்குச் சில கிராம் தங்கம் கிடைத்தாலே பெரிது. ஒரு டன் கைப்பேசியில் சில நூறு கிராம் இருக்கும். குரோமோபாக்டீரியத்தின் சயனைடை வைத்து அதைப் பிரிக்க ஆய்வகங்களில் முயல்கிறார்கள். இங்கேயும் செம்புதான் இடைஞ்சல்: சர்க்யூட் பலகையில் தங்கத்தைவிட எத்தனையோ மடங்கு செம்பு இருப்பதால், பாக்டீரியா தரும் கொஞ்சச் சயனைடையும் அதுவே குடித்துவிடுகிறது. அதனால் முதலில் அசிடிதயோபேசில்லஸை விட்டுச் செம்பைக் கரைத்து எடுத்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் குரோமோபாக்டீரியத்திடம் கொடுக்கிறார்கள்.