சிஓ2 முறையில் எடுத்த விதை எண்ணெய்: லேபிள் சொல்லாதவை

விதை எண்ணெய்ப் புட்டியில் ‘சூப்பர்கிரிட்டிக்கல் சிஓ2 முறை’ (உயர் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு எண்ணெயைக் கரைத்தெடுப்பது) என்று இருந்தால், அதையே தூய்மைக்கான சான்றாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி எண்ணெய் எடுக்கும் இயந்திரத்தோடு நாள்தோறும் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதி உண்மைதான்.

31 டிகிரி செல்சியஸையும் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப்போல விதைத்தூளுக்குள் புகும். திரவத்தைப்போல எண்ணெயைக் கரைக்கும். விதை எண்ணெய்க்குப் பெரும்பாலும் 300 முதல் 500 பார் வரை ஏற்றுவோம். பிரிகலனில் அழுத்தத்தைக் குறைத்ததும் எண்ணெய் அடியில் தங்கிவிடும், வாயு மறுசுழற்சிக்குப் போகும். எண்ணெய் எடுக்க வழக்கமாகப் பயன்படும் கரைப்பானான ஹெக்சேனின் எச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த நன்மை மெய்யானது.

ஆனால் விதையில் உள்ள குறையை இந்த முறை சரிசெய்யாது. கொழுப்பில் கரையும் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தால் அதுவும் எண்ணெயோடு வந்துவிடும். ஈரம் ஏறிக் கெட்ட விதையில் கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்கள் உண்டாகியிருக்கும். அவை எளிதில் கரைவதால் முதலில் இறங்கும் எண்ணெயில் அதிகம் இருக்கும். அந்த முதல் பிடியைத் தனியே எடுத்து மோந்து பாருங்கள், விதையின் லட்சணம் தெரிந்துவிடும். போகப்போக கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் சேர்ந்து நிறம் அடரும். விதையின் ஈரமும் கூடவே வந்தால் எண்ணெய் கலங்கும். எப்போது நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே விதையிலிருந்து வேறு வேறு எண்ணெய் கிடைக்கும்.

வாங்குபவர்கள் அறிய வேண்டியது இன்னொன்று. எண்ணெயில் பசையாகப் படியும் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புப் பொருள்கள் இந்தக் கார்பன் டை ஆக்சைடில் அநேகமாகக் கரைவதில்லை. அதனால் பசை நீக்கும் வேலை மிச்சம். ஆனால் எண்ணெய் சிக்குவாடை பிடிக்காமல் காக்க உதவுபவையும் அவைதான். ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றை இருண்ட நிறப் புட்டியில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். எடுத்த தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

சிறு ஆலை தொடங்க நினைப்பவர்களுக்குத்தான் எனக்குக் கூடுதல் கவலை. ‘சோடாவில் இருப்பதுதானே’ என்ற அலட்சியம் இயந்திர அறையில் உயிரைக் குடிக்கும். வாயு கசிந்தாலும் மணம் இருக்காது. காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தேங்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்தான அளவு. கசிவுமானியையும் வெளியேற்று விசிறியையும் தரைக்கு அருகில் பொருத்துங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி இல்லாமல் அவரைத் தூக்க ஓடாதீர்கள். சாதாரண முகமூடி இதற்கு உதவாது.