மாட்டுப் பூச்சி மாத்திரை தேடி வந்த தம்பி

காட்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்து, "அண்ணா, பென்பெண்டசோல் இருக்குதா?" என்று கேட்டார். அது ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் வயிற்றுப் பூச்சி மருந்தாச்சே, யாருக்கு என்றேன். அம்மாவுக்காம். மார்பகப் புற்றுநோய், கீமோ நடந்துகொண்டிருக்கிறது. இது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, கால்நடை மருந்துக்கடையில் வாங்கிப் பத்து நாளாகக் கொடுத்திருக்கிறார், தீர்ந்துவிட்டது. டாக்டரிடம் சொன்னீங்களா என்றால், "திட்டுவாங்கண்ணா."

அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் பழைய மருந்து புற்றுநோய்க்கு உதவும் என்பது கட்டுக்கதை இல்லை. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் கைகால் ஊனத்தோடு பிறந்து, 1961ல் ஜெர்மனியில் நிறுத்தப்பட்ட தாலிடோமைடு, பிறகு தொழுநோயாளிகளுக்கு வரும் கடும் வீக்கத்துக்குப் பயன்பட்டு, 2006ல் அமெரிக்காவில் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது. வெள்ளைப் பாஷாணம் என்று நம் பாட்டிமார் பயந்த ஆர்சனிக்கை மட்டும் வைத்து, ஏ.பி.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வந்த 72 பேருக்கு நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சிகிச்சை கொடுத்து 2006ல் வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. ஆனால் அது ஆஸ்பத்திரியில், அளந்து ஊசியில் ஏற்றி, இதயத் துடிப்பை அடிக்கடி ஈசிஜியில் பார்த்துக் கொடுத்தது. விஷம் விஷம்தான்.

மெட்பார்மின் கதையும் தெரிய வேண்டும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் அந்த மாத்திரை, மார்பகப் புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. அந்த நோய் வந்த 3,600க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், 2022ல் முடிவு வந்தது: மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எந்தப் பலனும் கூடுதலாக இல்லை. ஆய்வகத் தட்டில் புற்றுநோய்ச் செல் செத்தது, மனித உடம்பில் செல்லுபடியாகவில்லை. பென்பெண்டசோல் அந்தத் தட்டைத் தாண்டி நிரூபிக்கப்படவே இல்லை, மனிதருக்கு அனுமதியும் இல்லை. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கீமோ மருந்துகளில் பலவற்றைக் கழிப்பதும் அதே கல்லீரல்தான், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ஏறிப்போனால் டாக்டர் கீமோவைத் தள்ளிவைப்பார், காரணம் தெரியாமல் குழம்புவார்.

அதனால் மாத்திரை அட்டையோடு அன்றே போய் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினேன். நாட்டு மருந்து, லேகியம் எது கொடுத்திருந்தாலும் அதையும் சொல்லச் சொன்னேன். நான்கு நாள் கழித்துப் போன் வந்தது. எஸ்ஜிபிடி ஏறியிருந்ததாம், அடுத்த கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். "திட்டவே இல்லண்ணா, அட்டைய போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டாங்க" என்றார்.