மென்கற்களை உருட்டி மெருகேற்றுதல்: மலையகத்துச் சலவைக்கல் பளபளப்பு பெறுவது எப்படி?

இலங்கையின் மலையக ஆறுகளில் கிடைக்கும் உருண்டைக் கூழாங்கற்களில் நெடுந்தூரம் அடித்து வரப்பட்டும் தாக்குப்பிடித்தவை பெரும்பாலும் குவாட்ஸ் என்னும் கடினமான கனிமம் அல்லது குவாட்ஸ் மிகுந்த பாறைத் துண்டுகளே. இத்தகைய கற்களை மின்மோட்டாரால் மெல்லச் சுழலும் ஒரு சிறு பீப்பாவில் நீரும் உராய்வுத்தூளும் சேர்த்து அடைத்து, பருமனான தூளிலிருந்து நுண்ணியது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரு வாரமாக உருட்டி மெருகேற்றுவது பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு. ஆனால் குவாட்ஸுக்குப் பழகிய ஒருவர், மாத்தளையிலோ திகனையிலோ எடுத்த சலவைக்கல் துண்டுகளை அதே பீப்பாவில், அதே தூளோடு, அதே காலத்துக்கு ஓடவிட்டால், கற்கள் வெகுவாகத் தேய்ந்து, மேற்பரப்பெங்கும் வெண்ணிறக் காயங்களோடு மங்கலாகவே வெளிவரும். கல் மென்மையானது என்பதால் வேலையும் இலகுவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்த்துவிடுகிறது. மென்கல்லுக்குத் தேவைப்படுவது வலிமையான தூளன்று, குறைந்த விசை.

இலங்கையின் மத்திய மலைநாடு புவியியலாளர்கள் ‘உயர்நிலத் தொகுதி’ என்று குறிப்பிடும் பழம்பாறை வலயத்தில் அமைந்திருக்கிறது. ஆதியில் மணலும் களியும் சுண்ணாம்புச் சேறுமாகப் படிந்த அடுக்குகள் பூமியின் ஆழத்துக்குள் புதைந்து, ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறின. மணற்படிவுகள் குவாட்சைற்றாகவும், சுண்ணாம்புப் படிவுகள் கல்சைற்று அல்லது தொலமைற்று என்னும் கனிமம் நிறைந்த சலவைக்கல்லாகவும் மாறின. மாத்தளை, கண்டி மாவட்டங்களில் இந்தச் சலவைக்கல்லை உடைத்துச் சூளையில் எரித்துத்தான் சுண்ணாம்பு எடுத்து வந்திருக்கிறார்கள். மிக உயர்ந்த வெப்பநிலையில் மறுபடி பளிங்காகியதால் நமது சலவைக்கல்லின் மணிகள், அதாவது அதன் படிகத் துணுக்குகள், பெரியவை. புதிதாக உடைத்த முகத்தைச் சூரிய ஒளியில் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மின்னுவதைக் கண்ணாலேயே காணலாம். பார்வைக்கு அழகான இந்தப் பண்பே மெருகேற்றுபவருக்குப் பெரும் இடராகிறது.

1812 இல் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த, 1 இலிருந்து 10 வரையான கடினத்தன்மை வரிசையில் கல்சைற்று 3 ஆம் இடத்திலும், தொலமைற்று 3.5 இலிருந்து 4 வரையிலும், களிக்கல் எனப்படும் பெல்ஸ்பார் 6 இலும், குவாட்ஸ் 7 இலும் இருக்கின்றன. விரல் நகம் சுமார் 2.5, செப்புக் கம்பி சுமார் 3, சாதாரணக் கத்தி சுமார் 5.5 என்பதால் வீட்டிலேயே கல்லைக் கீறிப் பார்த்து அதன் இடத்தை மதிப்பிட முடியும். எது எதைக் கீறும் என்பதை இந்த வரிசை சொல்லும். எது எப்படி உடையும் என்பதைச் சொல்லாது. குவாட்ஸுக்கு இலகுவில் பிளவுபடும் தளங்கள் இல்லை. கல்சைற்றுக்கோ மூன்று திசைகளில் குறைபாடற்ற பிளவுத்தளங்கள் உண்டு. சிறு அடி விழுந்தாலும் மணிக்குள்ளே அத்தளங்களின் வழியே மெல்லிய வெடிப்பு ஓடி, அதற்குள் புகும் காற்று ஒளியைத் திருப்பிவிட, அவ்விடம் வெள்ளையாகத் தெரிகிறது. மேலே சொன்ன வெண்ணிறக் காயங்கள் இவைதான். மாத்தளைப் பகுதியில் அகழப்படும் களிக்கல் சலவைக்கல்லைவிட எவ்வளவோ கடினமானது. ஆயினும் ஏறத்தாழச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு பிளவுத்தளங்கள் அதற்கு இருப்பதால், மெருகேற்றும்போது அதையும் மென்கல்லைப் போலவே கையாள வேண்டும். கடினத்தன்மை வேறுபட்ட கற்களை ஒரே பீப்பாவில் கலப்பது எவ்விதத்திலும் நன்றன்று: குவாட்ஸ் தன் உருவத்தைப் பெறுமுன் சலவைக்கல் சேறாகிவிடும்.

பீப்பாவுக்குள் நடப்பதைத் தெளிவாக விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே புரியும். சுழலும் பீப்பாவின் சுவரோடு ஒட்டிய கற்கள் ஒன்றையொன்று உரசாமல் திரளாக மேலேறுகின்றன. குறிப்பிட்ட சரிவை அடைந்ததும் மேல்மட்ட அடுக்கு மாத்திரம், மழைக்காலத்து மண்சரிவைப் போல, கீழ்நோக்கி வழுக்கி இறங்குகிறது. தேய்மானத்தின் பெரும்பகுதி நிகழ்வது இந்த வழுக்கும் அடுக்கில்தான். சுழற்சி வேகம் கூடினால் கற்கள் வழுக்குவதற்குப் பதிலாகச் சுவரிலிருந்து எகிறி விழுகின்றன. இன்னும் கூடினால் மையநீக்க விளைவால் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகின்றன. அவ்வாறு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் மாறுநிலை வேகத்தை, நிமிடத்துக்கான சுற்றுகளில், 42.3 ஐ உள்விட்டத்தின் (மீற்றரில்) வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறலாம். 10 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள பீப்பாவுக்கு அது ஏறத்தாழ 134 சுற்றுகள். 15 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 109. மென்கற்களை இவ்வேகத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் ஓட்டுவதே என் பரிந்துரை.

வேகத்தைப் போலவே நிரப்பும் அளவும் முக்கியமானது. பீப்பா பாதிக்கும் குறைவாக நிரம்பியிருந்தால் கற்கள் நெடுந்தூரம் விழுந்து மோதும். முக்கால் பங்கு வரை நிரப்பினால் விழுவதற்கு இடமின்றி வழுக்கவே செய்யும். ஒரு கல்லின் திணிவு அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு பெருகுவதால், பெரிய கற்கள் மட்டும் இருக்கும் பீப்பாவில் மோதல் மிகக் கடுமையாக இருக்கும். அவற்றுக்கிடையே சிறு பீங்கான் உருளைகளோ பிளாஸ்ரிக் மணிகளோ சேர்ப்பது இதனால்தான்: அவை இடைவெளிகளை நிரப்பி அதிர்ச்சியைப் பகிர்வதுடன் தூளைக் கற்களின் முகத்துக்குக் கொண்டுசேர்க்கின்றன. மெல்லிய தூள் கட்டங்களில் பிளாஸ்ரிக் மணிகளே பாதுகாப்பானவை. ஆனால் அவற்றுள் பல நீரில் மிதப்பதால், குழம்பு தடிப்பாக இருந்தால்தான் கற்களோடு கலந்து நிற்கும். உள்ளே ரப்பர் உறை கொண்ட பீப்பா வெறும் பிளாஸ்ரிக் பீப்பாவைவிட மேலானது.

உராய்வுத்தூளாகப் பயன்படும் சிலிக்கன் காபைட்டு 1890களின் தொடக்கத்தில் எட்வர்ட் அச்செசன் செயற்கையாகத் தயாரித்த பொருள். கடினத்தன்மையில் அது வைரத்துக்கு அடுத்த நிலைகளில் நிற்கிறது. 60 இலக்கத் தூளின் துகள் சுமார் கால் மில்லிமீற்றர். 220 இலக்கத்தில் சுமார் 65 மைக்கிரோமீற்றர். 600 இலக்கத்தில் 10 முதல் 16 மைக்கிரோமீற்றர் வரை. இரு கற்களுக்கிடையே சிக்கி உருளும் துகள் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைக் குத்தி, அடியில் நுண்வெடிப்புகளை உண்டாக்குகிறது. அருகருகே உள்ள வெடிப்புகள் சந்திக்கும்போது ஒரு சிதறல் கழன்றுவிடுகிறது. சலவைக்கல்லில் 60 இலக்கத் துகள் உண்டாக்கும் வெடிப்பு பிளவுத்தளத்தைப் பற்றிக்கொண்டு ஆழமாக ஓடும் என்பதால், அந்தக் கட்டத்தைத் தவிர்த்து 220 இலிருந்தே தொடங்கலாம். நாள்தோறும் திறந்து பார்க்க வேண்டும். குவாட்ஸுக்கு வாரமெடுக்கும் வேலை இங்கு சில நாட்களில் முடிந்துவிடக்கூடும். கட்டத்துக்குக் கட்டம் கற்களையும் பீப்பாவையும் தூரிகையால் தேய்த்துக் கழுவுவதில் எந்தச் சலுகையும் கூடாது. ஒரேயொரு பெருந்துகள் தங்கிவிட்டாலும் இறுதிக் கட்டம் வீணாகும். கழுவிய குழம்பைக் குழாய்த்தொட்டியில் ஊற்றினால் அது சீமெந்து போல அடியில் இறுகும். மண்ணில் குழி தோண்டி ஊற்றுவதே நல்லது.

பளபளப்பு என்பது, கல்லின் முகத்தில் படும் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புவது. மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது 0.4 முதல் 0.7 மைக்கிரோமீற்றரைவிட, மிகச் சிறியனவாக இருந்தால்தான் இது நிகழும். நனைந்த கல் மினுங்குவது நீர் அப்பள்ளங்களைத் தற்காலிகமாக நிரப்புவதால். ஆகவே கல்லை நன்கு உலர்த்திய பின்னரே மெருகை மதிப்பிட வேண்டும். மெருகூட்டல் என்பது கீறல்களை மேலும் மேலும் நுண்ணியனவாக்குவதே என்று நியூட்டன் கருதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய இரசாயனவியலாளர் ஜோர்ஜ் பெயில்பி, இறுதிக் கட்டத்தில் மேற்பரப்பு ஒரு மெல்லிய படலமாக வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்று வாதிட்டார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு: துகள் போதிய அளவு சிறியதாகவும் விசை குறைவாகவும் இருந்தால், நொறுங்கும் இயல்புள்ள பொருளும் வெடிக்காமல் களிமண்ணைப் போல உழப்படும். அலுமினியம் ஒட்சைட்டு அல்லது வெள்ளீய ஒட்சைட்டுத் தூளோடு மென்கல்லை மிக மெதுவாக ஓடவிடுவதன் நோக்கம் இந்த எல்லைக்குள் விசையை அடக்குவதே.

சலவைக்கல்லில் இரசாயனமும் வந்து சேர்கிறது. கல்சைற்றை ஆக்கும் கல்சியம் காபனேற்று அமிலத்தில் கரைந்து காபனீரொட்சைட்டை வெளிவிடும். தேசிக்காய்ச் சாற்றின் ஒரு துளி கல்சைற்றில் நுரைக்கும், தொலமைற்றோ தூளாக்கினாலன்றி அவ்வளவாக நுரைக்காது. இரண்டையும் பிரித்தறிய இது உதவும். ஆனால் மெருகேறிய முகத்தில் அதே துளி மங்கலான வடுவை விட்டுச்செல்லும். ஆகவே பீப்பாவில் அமிலத்தன்மையுள்ள எதையும் சேர்க்கக் கூடாது. சிறிதளவு அப்பச்சோடா சேர்ப்பது பாதுகாப்பு. கட்டடச் சலவைக்கல்லை மெருகேற்றுவோர் ஒட்சாலிக்கமிலத்தைப் பயன்படுத்துவது இதற்கு முரண்போலத் தோன்றும். அது கல்சைற்றோடு தாக்கமுற்று, நீரில் கரையாத கல்சியம் ஒட்சலேற்றுப் படலத்தை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. ஒட்சாலிக்கமிலம் நஞ்சு, தாக்கத்தில் வாயுவும் எழும். மூடிய பீப்பாவில் அதற்கு இடமே இல்லை.

எஞ்சுவது கல்லைத் தெரிவுசெய்வது. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களிலிருந்து கல் எடுப்பதற்கு அனுமதி இல்லை. ஆற்றங்கரையில் இரத்தினக்கல் அகழ்வதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் வேண்டும். கற்குழிகளில் உரிமையாளரிடம் கேட்டுப் பெறும் கழிவுத் துண்டுகளே இந்தப் பொழுதுபோக்குக்குப் போதுமானவை. அவற்றை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும், ஏனெனில் நமது சலவைக்கல்லில் போஸ்தரைற்று, ஸ்பைனல், பொன்னிற மைக்கா ஆகிய வேற்றுக் கனிமங்கள் அடிக்கடி கலந்திருக்கும். கடினத்தன்மை 8 உடைய ஸ்பைனல் மணி தேயாமல் புடைத்து நிற்க, அதைச் சுற்றியுள்ள கல்சைற்று குழிந்துபோகும். மைக்காவோ உதிர்ந்து பள்ளம் விட்டுப் போகும். இத்தகைய கல்லுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் மெருகு சீராகாது. அதை 600 இலக்கக் கட்டத்தோடு நிறுத்தி மெல்லிய மெழுகு பூசிவிட்டு, சிறிய மணிகளும் கலப்பற்ற வெண்மையும் கொண்ட துண்டுகளுக்கே இறுதிக் கட்டத்தை ஒதுக்குவது சரியான முடிவு.