சீனக்குடாவில் குதிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும்

"அண்ணை, விரியாட்டி என்ன செய்யிறது?"

பரசூட் மடிப்பதுதான் என் தொழில் என்று சொன்னதும் ஊரில் வரும் முதல் கேள்வி இதுதான். கனடாவில் ஒரு சிறிய விமானத்தளத்தில் றிசேர்வ், அதாவது அவசரத்துக்கான இரண்டாவது பரசூட்டுகளைச் சோதித்து, மடித்து, முத்திரை வைத்துக் கொடுக்கிறேன். லீவில் திருகோணமலைக்கு வந்தால் அடுத்த கேள்வியும் வரும்: "வெளிநாட்டுக்காரர் இவ்வளவு பேர் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகினம், சீனக்குடாவில ஓடுபாதையும் இருக்கு, இதை இங்க தொடங்கினால் என்ன?"

தொடங்கலாம். நான் அதற்கு எதிரி இல்லை, என் சோறே அதில்தான். ஆனால் அப்படி ஒரு பேச்சு எழுந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. குதிப்பவர்கள் மட்டும் கேட்டால் போதாது. வெள்ளைமணல், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் கீழே இருப்பவர்களும் கேட்க வேண்டும்.

விரியாவிட்டால் என்பதை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். முதுகுப் பையில் இரண்டு பரசூட் இருக்கும். முதலாவது சிக்கினால் அதைக் கழற்றி விட்டுவிட்டு றிசேர்வை இழுப்பார்கள். இழுக்க வேண்டியவர் மயங்கிவிட்டாலும், உயரத்தையும் வேகத்தையும் அளந்தபடி பைக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி தானாகவே றிசேர்வைத் திறந்துவிடும். சைப்ரஸ் என்ற பெயரில் 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்த கருவி இந்த விளையாட்டின் சாவுக் கணக்கையே மாற்றியது. அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 36 லட்சம் குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். அப்படி இறப்பவர்களிலும் பலர் நன்றாக விரிந்த பரசூட்டின் கீழ், தரைக்குக் கிட்ட வந்து பரசூட்டை வேகமாகத் திருப்பி அடிபட்டவர்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே பார்க்கலாம். றிசேர்வ் பையை மூடி நிற்கும் ஊசியைச் சுற்றி ஒரு சிவப்பு நூல் போயிருக்கும். நூலின் நுனியில் சிறிய ஈய முத்திரை ஒன்று நசுக்கப்பட்டிருக்கும். அதில் உள்ள அடையாளம் மடித்தவருடையது. பையின் ஓரத்தில் இருக்கும் சின்ன அட்டையில் அவருடைய கையெழுத்தும் மடித்த திகதியும் இருக்கும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு தடவை திறந்து, பரிசோதித்து, மறுபடி மடித்திருக்க வேண்டும். "அட்டையைக் காட்டுங்கோ" என்று கேட்டால் ஒழுங்கான இடத்தில் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அன்றைக்குக் குதிக்காமல் வீட்டுக்குப் போங்கள், கட்டிய காசு போனாலும் பரவாயில்லை.

திருகோணமலையில் இந்த அட்டை இன்னும் முக்கியம். கடலில் நனைந்த பரசூட்டை நல்ல தண்ணீரில் அலசாமல் காயவிட்டால் உப்பு பளிங்காக இறுகி, துணியையும் கயிறுகளையும் உள்ளுக்குள்ளேயே அராவும். உலோக வளையங்கள் துருப்பிடிக்கும். வெயிலில் கிடந்த நைலோன் பார்வைக்குப் புதிதுபோல இருந்துகொண்டே பலமிழக்கும். நைலோன் வலையோடு மாரடிக்கும் மீன்பிடிகாரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சுற்றுலாக் கம்பனி நடத்த வருகிறவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

மனிதர்களுடைய தாள்களும் அதே அளவு முக்கியம். இன்னொருவரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குதிப்பதை டான்டெம் என்பார்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் குதிப்பது அப்படித்தான். 2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லோடி நகருக்குப் பக்கத்தில் ஒரு 18 வயது இளைஞரும் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தவரும் இறந்தார்கள். கூட்டிக்கொண்டு குதித்தவருக்கு டான்டெம் செய்ய முறையான தகுதி இருக்கவில்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. அந்த இளைஞர் ஒரு தாளையும் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார். யார்தான் கேட்கிறோம்?

சரி, இனி விமானம். குதிக்க ஏற்றிப் போகும் விமானத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. 2019 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் ஹவாயில், ஓவாஹு தீவின் டில்லிங்ஹாம் என்ற சிறிய தளத்தில், குதிப்பவர்களை ஏற்றிய விமானம் கிளம்பிய கையோடு விழுந்து 11 பேரும் இறந்தார்கள். 2016இல் ஒரு சம்பவத்தில் சேதப்பட்டு முறுகிய அதன் இடது இறக்கை சரியாகப் பழுதுபார்க்கப்படவில்லை என்றும், அப்படிப்பட்ட விமானத்தை விமானி ஓடுபாதையை விட்டு எழும்பியதும் மூர்க்கமாகத் திருப்பினார் என்றும் விசாரணை சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் சுவீடனின் உமியோவில் 9 பேர். 2021 ஜூலையில் அதே நாட்டின் ஒரேப்ரோவில் 9 பேர். இந்த மூன்றிலும் போன 29 உயிருக்கும் ஒரு பரசூட்டும் காரணமில்லை. சிறிய தளங்களில் ஒரே விமானம் காலையிலிருந்து மாலை வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை கூடப் பறந்தால் அவ்வளவு காசு. அதனால் விமானத்தை யார் பராமரிக்கிறார்கள், கடைசிப் பரிசோதனை எப்போது நடந்தது, இருக்கை இல்லாமல் உள்ளே தரையில் உட்கார்ந்து போகும் விமானத்திலும் ஆளுக்கொரு பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது நம்முடைய இடத்துக்கு வருவோம்.

சீனக்குடா ஓடுபாதைக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் தம்பலகாமக் குடா. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு போட்ட அதே தளம்தான். இன்று விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி அங்கே இருக்கிறது. ஆக, பழகும் விமானிகள் பறக்கும் வானம் அது. கிட்டவே ஆங்கிலேயர் காலத்து எண்ணெய்க் குதங்கள், மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, கரையோரக் கண்டல் காடு. பரசூட்டில் இறங்குகிறவருக்கு நீளமான ஓடுபாதையால் பெரிய பிரயோசனம் இல்லை. சுற்றிவரத் தடையில்லாத வெறும் நிலம்தான் வேண்டும். தப்பிப்போனாலும் இறங்கக்கூடிய இரண்டாவது வெறும் நிலமும் வேண்டும். சீனக்குடாவில் அந்த இரண்டாவது நிலம் பெரும்பாலும் தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டான்டெம் பரசூட்டை ஏறத்தாழ 5,000 அடியில் திறப்பார்கள், அதாவது 1,500 மீட்டர். விரிந்த பரசூட் விநாடிக்கு 5 மீட்டர் அளவில் இறங்கினால், தரைக்கு வர 5 நிமிடம். அந்த உயரத்தில் விநாடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால், திருப்பி ஓட்டாத பரசூட் அந்த 5 நிமிடத்தில் 3 கிலோமீட்டர் அள்ளுண்டு போகும். திருப்பி ஓட்டலாம்தான், ஆனால் பரசூட்டின் சொந்த வேகமும் கிட்டத்தட்ட அந்தக் காற்றின் வேகம்தான். மூச்சைப் பிடித்து எதிர்த்து ஓட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். குதிக்கும் இடத்தை மேலே பிழையாகக் கணித்தால் கீழே கை கொடுக்க ஆளில்லை.

இங்கே சுற்றுலாப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசுவதும் அதே மாதங்களில்தான். வெள்ளைமணலில் வலை திருத்திக்கொண்டிருந்த ஒரு நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் தலை நிமிராமலே சொன்னார்: "கச்சான் பேய்க்காத்து தம்பி. விடியச் சும்மா கிடக்கும். வெயில் ஏறினாப் பொறகு வள்ளத்தையே திருப்ப ஏலா." அமெரிக்கச் சங்கம் தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்கு வைத்திருக்கும் தரைக்காற்று எல்லை மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். எனக்கு அந்த எண்ணைவிட, காற்று விட்டுவிட்டு உதைக்கிறதா என்பதுதான் பெரிய கவலை. காய்ந்த நிலமும் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரும் இருக்கும் இடத்தில் நடுப்பகலில் காற்று மேலும் கீழுமாகப் புரளும். தரைக்கு 15 மீட்டர் உயரத்தில் பரசூட்டின் ஒரு பக்கம் சுருங்கினால், திரும்ப விரிய அதற்கு நேரமில்லை. கணுக்காலும் கீழ்முதுகும் உடைவது இப்படித்தான். ஆகவே இங்கே நடத்துவதென்றால் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் மூட வேண்டும். "பின்னேரம் நாலு மணிக்கும் ஸ்லொட் இருக்கு" என்று கச்சான் காலத்தில் யாராவது விற்றால் யோசியுங்கள்.

தண்ணீருக்குள் இறங்குவது படத்தில் அழகாக இருக்கும். நடப்பது வேறு. கால் தண்ணீரைத் தொட்டதும் பரசூட் துணி தலைக்கு மேல் வந்து படியும். நனைந்த நைலோன் முகத்தில் ஒட்டும். கயிறுகள் காலைச் சுற்றும். தனியாகக் குதிப்பவருக்கு ஒரு முறை சொல்லிக் கொடுப்போம்: உயரத்திலேயே நெஞ்சுப் பட்டியைக் கழற்று, தண்ணீரைத் தொட்டபின் கால் பட்டிகளை விட்டு வெளியேறு, துணிக்குள் மாட்டினால் ஒரு தையல் கோட்டைப் பிடித்து அதன் வழியே ஓரத்துக்கு வா. டான்டெமில் இரண்டு பேர் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் பழகியவர், மற்றவர் இன்று காலை அரை மணி நேரப் பாடம் கேட்டவர், நீந்தத் தெரியாதவராகவும் இருக்கலாம். இறங்கும் இடத்திலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் ஆழமான தண்ணீர் இருந்தால் மிதவை அணிய வேண்டும் என்கிறது அமெரிக்கச் சங்கம். சீனக்குடாவில் எந்தப் பக்கம் ஒரு மைல் நடந்தாலும் தண்ணீர்தான். மிதவை இல்லாமல் இங்கே ஒருவரும் விமானத்தில் ஏறக்கூடாது. கரையில் எஞ்சின் பூட்டிய படகு ஆளோடு நிற்காமல் விமானம் கிளம்பவும் கூடாது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்து போகும் பயணிகள் விமானம் ஒரு தடவை இரைந்துவிட்டுப் போய்விடும். குதிப்பவர்களை ஏற்றும் விமானம் முழு விசையில் ஒரே ஊருக்கு மேல் வட்டமடித்து ஏறும், இறங்கும், அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறும். பாதுகாப்பான நேரம் விடியற்காலை என்று மேலே சொன்னேன் அல்லவா, கீழே தூங்குகிறவர்களுக்கும் தொழுகிறவர்களுக்கும் அதுதான் அமைதியான நேரம். அமெரிக்காவின் கொலராடோவில் லோங்மொன்ட் நகரவாசிகள் இப்படி ஒரு கம்பனிக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். 2015இல் தீர்ப்பு பெரும்பாலும் கம்பனி பக்கம் வந்தது. ஓடத் தொடங்கிவிட்ட தொழிலை நிறுத்துவது கடினம். பேசுவதென்றால் அனுமதி கொடுக்குமுன் பிரதேச சபையிலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிலும் பேச வேண்டும். எத்தனை தடவை பறக்கும், எந்தப் பாதையில் ஏறும், வெள்ளிக்கிழமையும் கோயில் திருவிழா நாட்களும் என்ன என்பதெல்லாம் தாளில் வர வேண்டும். இன்னொன்று, 2006 போரின்போது மூதூரிலும் சம்பூரிலும் இருந்தவர்களுக்கு வட்டமடிக்கும் விமானம் வெறும் இரைச்சல் இல்லை. முதல் நாள் பறக்குமுன் ஊர் ஊராக அறிவிப்பது குறைந்தபட்ச மரியாதை.

யாராவது உங்கள் வயலிலோ குடாவிலோ வந்து விழுந்தால் என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். காற்று பரசூட்டை இழுத்துக்கொண்டு போனால், துணியின் ஒரு ஓரத்தை மட்டும் பிடித்து இழுங்கள், காற்று வெளியேறித் துணி படுத்துவிடும். கயிறுகளைக் கையில் சுற்றாதீர்கள். விழுந்தவர் முதுகு வலிக்கிறது என்றாலோ கால் மரத்திருக்கிறது என்றாலோ தூக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள். முக்கியமாக, ஆட்டோவில் மடக்கி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடாதீர்கள். நம் ஆட்களின் நல்ல மனசு செய்யும் முதல் வேலை அதுதான், உடைந்த முதுகெலும்புக்கு அதைவிடக் கெடுதி இல்லை. 1990 அம்புலன்சுக்கு அழைத்துவிட்டுத் தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டிருங்கள். தண்ணீரில் என்றால், கிட்டப் போனதும் எஞ்சினை நிறுத்தித் துடுப்பால் நெருங்குங்கள். பரசூட் கயிறு விசிறியில் சுற்றினால் படகில் இருப்பவருக்கும் ஆபத்து, கயிற்றோடு கட்டப்பட்டிருப்பவருக்கும் ஆபத்து. ஆள் இல்லாமல் துணி மட்டும் கண்டலில் கிடந்தால் அது கழற்றிவிடப்பட்ட முதல் பரசூட்டாக இருக்கும். பிள்ளைகள் கூடாரம் அடிக்க எடுக்காமல், கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, குதிப்பதற்கு முன் நீட்டப்படும் தாள். பல பக்கம் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும், என்ன நடந்தாலும் வழக்குப் போட மாட்டேன் என்று எழுதியிருக்கும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் கேளுங்கள், முதல் நாளே கேளுங்கள், ஏறும் நேரத்தில் அல்ல. கீழே இருப்பவர்கள் கேட்க வேண்டியது அந்தத் தாளில் இருக்காது: ஓட்டுக் கூரை உடைந்தால், வலை கிழிந்தால் யார் காசு கொடுப்பார்கள், மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி எவ்வளவு? விழுந்தவரை முதலில் தூக்கப்போவது எப்படியும் கிண்ணியாப் படகுதான். அந்தப் படகுக்காரரை முறையாக வேலைக்கு அமர்த்தி, பயிற்சி கொடுத்து, நாள் கூலியும் மண்ணெண்ணெய்க் காசும் டிக்கெட் விலைக்குள்ளேயே போடச் சொல்லுங்கள்.